நியூரோமா என்று ரிப்போர்ட் வந்தால்: வாயிலும் தாடையிலும் வரும் நரம்புக் கட்டிகள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார். அவருடைய மாமிக்கு 62 வயது. எட்டு வருடத்துக்கு முன் கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு பல் பிடுங்கியிருக்கிறார்கள். போன வருடம் பல்செட் கட்டிப் போட்டதிலிருந்து, எதையாவது கடிக்கும்போது சொண்டிலும் நாடியிலும் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. கிளினிக்கில் பார்த்து, முரசுக்குள் இருந்த பயறளவு கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ‘ட்ரோமாட்டிக் நியூரோமா’ என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா, பிள்ளைகளுக்கும் வருமா, சொண்டு விறைத்தே போய்விடுமா, பல்செட்டை மறுபடி போடலாமா என்று கேட்கிறார்.

புற்றுநோய் இல்லை. இதை மாமிக்கு இப்பவே சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு கிழமையாக நித்திரை கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

நான் கிழக்கு மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் பயமுறுத்துவது அந்த ‘ஓமா’ என்ற வால்தான். அந்த வாலுக்குக் கட்டி, வீக்கம் என்பதற்கு மேல் அர்த்தமில்லை. நெற்றி இடிபட்டு இரத்தம் கட்டிப் புடைத்தால் ஹீமாட்டோமா. கொழுப்புக்கட்டி என்றால் லிப்போமா. கார்சினோமா, சார்கோமா என்றால் புற்று. மெலனோமாவும் லிம்போமாவும் பெயரில் சாதுவாகத் தெரிந்தாலும் அவையும் புற்றுநோய்கள். ஆகவே வாலைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, முன்னுக்கு இருக்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். மாமியின் ரிப்போர்ட்டில் முன்னுக்கு இருப்பது ‘ட்ரோமாட்டிக்’, அதாவது காயத்தால் வந்தது. கறாராகச் சொன்னால் இது கட்டி என்று கூடச் சொல்லக்கூடாது. அறுபட்ட நரம்பு தன்னைத் திருத்தப் பார்த்து, வழி தெரியாமல் சுருண்டுபோன இடம் இது.

கீழ்ப்பல் பிடுங்க விறைப்பு ஊசி போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஊசி போடுவது கொடுப்புக்குப் பின்னால், தொண்டைப் பக்கமாக. விறைப்பதோ சொண்டில் பாதியும் நாடியில் பாதியும். அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்களுக்கெல்லாம் போகும் நரம்பு ஊசி போடுகிற இடத்தில் எலும்புக்குள் நுழைகிறது. தாடைக்குள் ஒரு குழாய் வழியாக முன்னுக்கு வந்து, முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே ஒரு சின்னத் துவாரத்தால் வெளியே வந்து சொண்டுக்கும் நாடிக்கும் பிரிந்து போகிறது. பல் பிடுங்கும்போதோ தாடை உடையும்போதோ அறுவையின்போதோ அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் நரம்பு நசிந்தால், அறுந்தால், அங்கேதான் இந்த நியூரோமா வரும். வாயில் இது அதிகம் வரும் இடங்கள் அந்தத் துவாரத்தடி, நாக்கு, கீழ்ச்சொண்டு என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும்.

அறுந்த நரம்பு என்ன செய்கிறது? 1850இல் ஓகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய வைத்தியர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கு அப்பால் நாக்குப் பக்கம் இருந்த நார்கள் துண்டு துண்டாகச் சிதைந்து போயின. மூளைப் பக்கத்துத் துண்டு பிழைத்திருந்தது. பிழைத்த துண்டு சும்மா இருப்பதில்லை. அதன் முனையிலிருந்து புதிய நார்கள் முளைத்து, பழைய வழியைத் தேடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும். நரம்பு நாருக்கு உறை போடும் ஷ்வான் கலங்கள் அதற்கு வழிகாட்டும். 1839இல் உயிருள்ளவை எல்லாம் கலங்களால் ஆனவை என்று எழுதிய அதே தியடோர் ஷ்வானின் பெயரைத்தான் இந்தக் கலங்களுக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர் பின்னாலும் வரும், நினைவில் வைத்திருங்கள். வெட்டுப்பட்ட இரண்டு முனையும் கிட்ட இருந்தால் நார்கள் போய்ச் சேர்ந்துவிடும், சொண்டில் உணர்ச்சி திரும்பிவிடும். நடுவில் தழும்பு விழுந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். நரம்போ வளர்வதை நிறுத்தாது. தழும்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளரும். சிக்குப்பட்ட தூண்டில் நைலோன் நூலைப் பார்த்திருப்பீர்களே, நுணுக்குக்காட்டியில் மாமியின் துண்டு அப்படித்தான் இருந்திருக்கும்.

போரில் மிதிவெடியில் கால் போனவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். செயற்கைக்காலைப் போடும்போது, வெட்டுப்பட்ட முனையில் ஒரு புள்ளியில் மட்டும் பட்டால் உயிர் போகிற மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அதுவும் இதே நியூரோமாதான். அங்கே செயற்கைக்கால் அமத்துகிறது, இங்கே பல்செட் அமத்துகிறது.

வாயில் வரும் இந்த நியூரோமாக்களில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரைதான் வலிக்கும். மிச்சம் சும்மா இருக்கும், தற்செயலாகக் கண்ணில் படும். வலிக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் செய்வது எளிது. கையுறை போட்ட சுண்டுவிரலால் துவாரத்தடியில் மெல்ல அமத்துவேன். மூதூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், அமத்தின கணமே என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டார். அவ்வளவு வெட்டு. அந்த இடத்தில் விறைப்பு மருந்து கொஞ்சம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப அமத்தினேன். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊசிக்கு வலி முழுக்கப் போனால் வலியின் வேர் அந்த இடத்தில்தான் என்று அர்த்தம். போகாவிட்டால் நரம்பின் மேற்பகுதியில், மூளைப் பக்கமாக, வேறு ஏதாவது இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெரியவருக்கு நியூரோமா இருக்கவில்லை. பல் போய்ப் பல வருடமானால் தாடை எலும்பு தேய்ந்து தாழ்ந்துவிடும். முதலில் பக்கவாட்டில் கீழே இருந்த துவாரம் கடைசியில் முரசின் உச்சிக்கே வந்துவிடும். பல்செட் நேராக நரம்பின் மேல் உட்காரும். கட்டியே இல்லாமலும் அதே கரண்ட் அடிக்கும். பல்செட்டின் உட்பக்கத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் குடைந்து கொடுத்தோம், சுகமாகிவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல்செட் வெட்டுகிறது என்று வருகிற எல்லாரையும் கத்தி வைக்க வேண்டியதில்லை. மாமிக்குக் கையில் தட்டுப்படுகிற கட்டி இருந்தது, எடுத்தார்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்வி. மாமியுடையது வராது. பல் பிடுங்கின காயம் பரம்பரையில் போகாது. ஆனால் நரம்பிலிருந்து வாயில் வரும் கட்டிகள் வேறும் உண்டு. அவற்றில் சில பரம்பரையில் போகும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: தோல் உடையாத, மெதுவாக வளரும், வலிக்காத ஒரு உருண்டை. சொண்டில் வரும் எச்சில் நீர்க்கட்டியும் அப்படித்தான், கன்னம் கடித்துக் கடித்து வரும் தழும்புக் கட்டியும் அப்படித்தான். நானாக இருந்தாலும் வாயைத் திறந்து பார்த்து இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மேலண்ணத்திலோ மேல்ச்சொண்டின் உட்புறத்திலோ வரும் ஒரு வகை உண்டு. நரம்பு நார்களும் ஷ்வான் கலங்களும் சேர்ந்த சின்ன உருண்டை, 1972இல்தான் தனி நோயாக எழுதப்பட்டது. பெரும்பாலும் முகத்தில் வரும், சிலவேளை வாயில். எடுத்துவிட்டால் திரும்பி வருவது அரிது. அதைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

பேசவேண்டியது ஷ்வானோமாவும் நியூரோபைப்ரோமாவும். இரண்டுமே நரம்பின் உறையிலிருந்து வருபவை, இரண்டுமே பெரும்பாலும் சாது. வித்தியாசம் கத்தி வைக்கும்போது தெரியும். வள்ளத்தின் நங்கூரக் கயிற்றில் சிப்பி ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம், கயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஷ்வானோமா அப்படி. தனக்கென ஒரு உறைக்குள் இருந்துகொண்டு நரம்பை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கும். பக்குவமாக உரித்து எடுத்தால் பல நேரம் நரம்பைக் காப்பாற்றிவிடலாம், திரும்பி வருவதும் குறைவு. நியூரோபைப்ரோமாவில் கயிற்றின் புரிகளே உப்பிப் போயிருக்கும். எது கயிறு, எது கட்டி என்று பிரிக்க முடியாது. கட்டியை முழுக்க எடுக்க வேண்டுமென்றால் அந்த நரம்புக் கிளையையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். நாக்கில் சின்னக் கிளை என்றால் நட்டம் தெரியாது. தாடைக்குள் ஓடும் பெரிய நரம்பு என்றால் சொண்டு விறைக்கும். அதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிக் கையொப்பம் வாங்குவது இதனால்தான்.

ஷ்வானோமா வாயில் அதிகம் வருவது நாக்கில். நுணுக்குக்காட்டியில் அதைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். கடல் கொந்தளிக்கும் நாளில் நிலாவெளிக் கரையில் வள்ளங்களை இழுத்து எதிரெதிரே இரண்டு வரிசையாக வைத்து, நடுவில் வெறும் மணல் கிடந்தால் எப்படி இருக்கும்? கலங்களின் கருக்கள் வள்ளங்கள் மாதிரி ஊதா நிறத்தில் வரிசை கட்டி நிற்கும், நடுவில் இளஞ்சிவப்பாக மணல். 1910இல் வெரொக்காய் என்பவர் இதை எழுதினார், இன்றும் அந்த வரிசைக்கு அவர் பெயர்தான். வரிசையைக் கண்டால் ரிப்போர்ட் எழுதுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டும் அரிதாகத் தாடை எலும்புக்குள்ளேயும் வரும், பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில். எக்ஸ்ரேயில் நரம்புக் குழாய் ஓரிடத்தில் அகன்று, கறுப்பாக, சுத்தமான விளிம்போடு தெரியும். எலும்புக்குள் வந்தால் வலியும் சொண்டு விறைப்பும் வரலாம். ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஊசி போடாமல், பல் பிடுங்காமல், அடிபடாமல் சொண்டோ நாடியோ தானாக விறைத்தால் அதை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது. இந்தச் சாதுவான கட்டிகளை விட மோசமான காரணங்களும் அதற்கு இருக்கின்றன. அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

நியூரோபைப்ரோமா என்று ரிப்போர்ட் வந்தால் நான் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உடம்பைப் பார்ப்பேன். தனியாக ஒன்றே ஒன்றுதான் என்றால் எடுத்தால் முடிந்தது. ஆனால் சிலருக்கு அது ஒரு பெரிய விஷயத்தின் முதல் தடயம். 1882இல் பிரீட்ரிச் வொன் ரெக்லிங்கௌசன் விரிவாக எழுதிய நோய் அது, இன்றைக்கு நியூரோபைப்ரோமட்டோசிஸ் வகை ஒன்று என்கிறோம். ஏறத்தாழ 3000 பிறப்புக்கு ஒன்று. பதினேழாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரை அலகு பழுதாவதால் வருவது, அந்த அலகை 1990இல் கண்டுபிடித்தார்கள். பாதிப்பேருக்கு அப்பா அம்மாவிடமிருந்து வந்திருக்கும், மிச்சப் பாதிக்கு அவர்களிலேயே புதிதாக ஆரம்பித்திருக்கும். எப்படி வந்தாலும் அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பார்க்க வேண்டியது பெரிய வித்தையில்லை. சேர்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். முதுகிலும் வயிற்றிலும் பால்தேத்தண்ணி நிறத்தில் மச்சம் மாதிரித் தட்டையான படைகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஆறோ அதற்கு மேலோ இருந்தால், சின்னப் பிள்ளையில் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டரை விட, பெரியவர்களில் 15 மில்லிமீட்டரை விடப் பெரிதாக இருந்தால், யோசிக்க வேண்டும். கமக்கட்டில் வெயில் படாது. அங்கே பொட்டுப் பொட்டாகச் சின்னப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தோலில் மெத்தென்ற உருண்டைகள், கண்ணின் கருவிழிப் படலத்தில் சின்னப் புடைப்புகள், இவையும் சேர்ந்தால் ஏறத்தாழ உறுதி. வாயில் நாக்கின் மேலுள்ள சிவப்புப் புள்ளிகள் பெரிதாகியிருக்கலாம், எக்ஸ்ரேயில் நரம்பு நுழையும் வாசல் அகன்றிருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு வருடாவருடம் கண், இரத்த அழுத்தம், முதுகெலும்பு எல்லாம் பார்க்கிற ஒழுங்கு வேண்டும். இவர்களில் சிலருக்கு இந்தக் கட்டிகளில் ஒன்று புற்றாக மாறும். கடகடவென்று பெரிதாகிறது, இரவில் சும்மா இருக்கும்போதும் வலிக்கிறது, புதிதாக விறைக்கிறது என்றால் காத்திருக்கக்கூடாது.

இதைவிட அரிதானது, ஆனால் தவறவிடவே கூடாதது இன்னொன்று. பிள்ளையின் நாக்கு நுனியிலும் ஓரத்திலும் சொண்டின் உட்புறத்திலும் அரிசி அரிசியாகப் பல சின்ன உருண்டைகள். சொண்டு தடித்து வெளியே தள்ளினமாதிரி. பிள்ளை ஒல்லியாக, கைகால் நீண்டு இருக்கும், குழந்தையில் அழுதபோது கண்ணீர் வரவில்லை என்று தாய் சொல்வார், மலச்சிக்கலும் இருக்கும். அந்த உருண்டைகள் நரம்பு இழையம்தான், தம்மளவில் ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் அவை சொல்ல வருவது தைரொயிட் சுரப்பியைப் பற்றி. இந்தப் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்று சின்ன வயதிலேயே வரும், ஏறத்தாழ எல்லாருக்கும் வரும். சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். ரெட் என்ற பரம்பரை அலகின் பழுது இது, 1994இல் தெரிய வந்தது. குழந்தையிலேயே தெரிந்தால், முதல் பிறந்தநாளுக்கு முன்னரே தைரொயிட்டை எடுத்துவிடச் சொல்வார்கள். ஆகவே நாக்கில் ஒரு உருண்டை என்றால் கட்டியைப் பாருங்கள், பல உருண்டை என்றால் கழுத்தைப் பாருங்கள் என்று கூட வேலை செய்த இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இனி என் பிழை ஒன்று. கிரனுலர் செல் ட்யூமர் என்று ஒரு கட்டி உண்டு, நாக்கின் மேற்புறத்தில்தான் அதிகம் வரும், ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாக. 1926இல் அப்ரிக்கோசொவ் என்ற ரஷ்ய நோயியல் வைத்தியர் எழுதினார். லெனினின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தவரும் இவர்தான். தசையிலிருந்து வருவது என்று அவர் நினைத்தார். பிறகு எஸ்-100 என்ற சாயம் போட்டுப் பார்த்தபோது ஷ்வான் கலங்களின் உறவு என்று தெரிந்தது. கட்டி சாது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: தனக்கு மேலே மூடியிருக்கும் தோலைத் தூண்டி, விரல் விரலாகக் கீழே இறங்க வைக்கும். மேலோட்டமாக ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால் அசல் வாய்ப்புற்று மாதிரியே இருக்கும்.

வெத்திலையும் புகையிலையும் போடுகிற, நாற்பது கடந்த ஒரு அம்மாவின் நாக்கிலிருந்து நான் எடுத்த துண்டு அப்படிப்பட்டது. ஆழமில்லாமல் எடுத்தேன். நோயாளி வெத்திலை போடுகிறவர், இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாய்ப்புற்று, நம்முடைய ஊரில் வெத்திலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு. என் மூளையும் அந்தப் பக்கம்தான் போனது. புற்றாக இருக்கலாம், ஆனால் துண்டு போதாது, இன்னும் ஆழமாக எடுத்து அனுப்பவும் என்று ரிப்போர்ட் வந்தது. அதற்குள் வீட்டில் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் பேசிவிட்டார்கள், நகை அடகுக்குப் போய்விட்டது. இரண்டாவது துண்டை ஆழமாக எடுத்தேன். தோலுக்குக் கீழே மணல்மணலாக உள்ளே நிரம்பிய பெரிய கலங்கள் தெரிந்தன, கிரனுலர் செல் என்று வந்தது. அந்த இரண்டு கிழமை அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது என்னால். போதாது என்று எழுதிய நோயியல் வைத்தியரை நான் நேரில் கண்டதில்லை. அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த அம்மாவின் நாக்கில் பாதி போயிருக்கும்.

பிறந்த குழந்தையின் முரசில் ஒரு உருண்டை தொங்கினாலும் பயப்படத் தேவையில்லை. நுணுக்குக்காட்டியில் அது கிரனுலர் செல் மாதிரியே இருந்தாலும் வேறு நோய், எஸ்-100 சாயம் பிடிக்காது, பத்தில் ஒன்பது பெண் குழந்தைகளுக்கு வரும், சிலது தானாகவே சுருங்கும். ஆனால் ஒரு வயதுக்குள் மேல்த்தாடையின் முன்பக்கம் நீலக்கறுப்பாகக் கடகடவென்று வளர்ந்தால் அது நரம்பு முகட்டுக் கலங்களிலிருந்து (கருவில் நரம்புகளை உண்டாக்கும் கலங்கள்) வரும் வேறொரு கட்டி. சாது வகையில் சேர்த்தாலும் எலும்பைத் தின்னும், எடுத்த பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று திரும்பி வரும். உடனே காட்ட வேண்டும்.

இவ்வளவும் வாசித்தபின் உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும்: பயறளவு கட்டியில் இத்தனை வகை, பிரித்துச் சொல்வது நுணுக்குக்காட்டி மட்டும்தான். அதனால்தான் எடுத்த துண்டை வீசுகிறவர்களில் எனக்கு அவ்வளவு கோபம். ஒரு பெடியன் என்னிடம் நாக்கில் கட்டியோடு வந்தான். நாலு வருடத்துக்கு முன் அதே நாக்கில் ஒன்று வந்ததாம், காசு கட்டிப் பார்க்கும் ஒரு இடத்தில் சுட்டு எடுத்தார்களாம். என்ன என்று சொன்னார்கள் என்று கேட்டேன். “ஒன்றுமில்லையாம் டொக்டர், சதை வளர்ச்சியாம்” என்றான். துண்டை எங்கும் அனுப்பவில்லை. நான் எடுத்ததை அனுப்பினேன், நியூரோபைப்ரோமா என்று வந்தது. சேர்ட்டைக் கழற்றச் சொன்னேன். முதுகில் பதினொரு படை எண்ணினேன். நாலு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. அவனுக்கு அப்போது கல்யாணமாகி, மனைவி வயிற்றோடு இருந்தார்.

ஆகவே வாயில் எந்தக் கட்டியை எடுத்தாலும், துண்டு எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாய் அகன்ற போத்தலில், நூற்றுக்குப் பத்துப் போமலினில், துண்டின் அளவைப் போல் பத்து மடங்காவது திரவத்தில் போட்டு, பெயரும் இடமும் எழுதி அனுப்ப வேண்டும். சேலைனில் போட்டாலும் ஸ்பிரிட்டில் போட்டாலும் துண்டு கெட்டுவிடும். ஒடுங்கிய போத்தலில் போட்டால் போமலினில் இறுகிய துண்டு வெளியே வராது, நசித்துத்தான் எடுக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. நம் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் பிரிவுக்குப் போனால் தேவையானவர்களை வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவார்கள். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் வாய் நோயியல் பிரிவுக்குத் தீவின் பல பக்கங்களிலிருந்தும் துண்டுகள் போகின்றன. ரிப்போர்ட் வரக் கொஞ்ச நாளாகும், பொறுத்திருங்கள். வந்த ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், அடையாள அட்டை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

சரி, மாமியின் மிச்ச இரண்டு கேள்வி. சொண்டு விறைக்குமா? இந்தக் கட்டியை எடுக்கும்போது அதனோடு ஒட்டிய நரம்பில் கொஞ்சத்தையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். ஆகவே சொண்டின் ஒரு மூலையிலோ நாடியிலோ சின்னதாக ஒரு விறைப்பு இருக்கலாம். எட்டு வருடத்துக்கு முன் நரம்பு அறுந்தபோதே அந்த இடம் கொஞ்சம் மந்தமாகியிருக்கும், மாமி கவனித்திருக்க மாட்டார். சூடான தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள், சுட்டது தெரியாமல் போகலாம். பெரும்பாலானோருக்குக் கட்டி திரும்பி வராது. சிலருக்கு மட்டும் வெட்டின முனை மறுபடி சுருண்டு வலி திரும்பலாம். அப்போது திரும்ப வெட்டுவதற்கு முன் நரம்பு வலிக்கான மாத்திரைகளைப் பார்ப்பார்கள்.

பல்செட்டைப் போடலாம், ஆனால் காயம் ஆறுமட்டும் வேண்டாம். அதற்குள் கஞ்சி, புட்டும் பாலும், மீனை முள்ளெடுத்துப் பிசைந்து, இப்படி ஓட்டச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய பல்செட்டை மறக்காமல் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பலர் அதை வீட்டில் தண்ணிக் கோப்பைக்குள் வைத்துவிட்டு வெறும் வாயோடு வருவார்கள், அங்கே போய்த்தான் தெரியும். வலப்பக்கம் துவாரம் இருக்கும் இடத்தில் உட்புறத்தைக் குடைந்து கொடுத்தால் போதும். எலும்பு நன்றாகத் தேய்ந்திருந்தால் புதிதாக அளவெடுக்கச் சொல்வார்கள். போட்ட முதல் நாள் பாணை நனைத்து இடப்பக்கமாக மென்று பார்க்கட்டும். கரண்ட் அடித்தால் அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்து, முரசு சிவந்திருக்கும் புள்ளியை வைத்தியருக்குக் காட்டட்டும். அதைப் பார்த்து அவர் சரியான இடத்தில் தேய்ப்பார்.